அசைவுகளின் மொழி அறிந்தவர்: சேர் சி. வி. இராமன்

எங்கள் கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழாக் காலங்களில் தப்பு அடிப்பதற்கு முன்னர், மிலாறு போட்டு மூட்டிய நெருப்பின் அருகே அதைப் பிடித்துச் சூடேற்றுவார்கள். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இந்த மலைகளில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். தளர்ந்த தோலின் ஓசை மந்தமாக இருக்கும். சூடு பட்டதும் தோல் இறுகும். ஓசை உயர்ந்து கணீரென்று ஒலிக்கும். பக்கீர்மார் தட்டும் றபானுக்கும் இதே கதைதான். சிறு வயதிலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆனால் உயர்தர வகுப்பில் அலைவுகளும் அலைகளும் என்ற அலகைப் படித்தபோது, இழுவை கூடினால் மீடிறன் கூடும் என்று கரும்பலகையில் எழுதப்பட்ட விதி இந்தத் தப்பைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சூத்திரத்தை மனனம் செய்தேன். தவணைப் பரீட்சையில் அலைவும் உந்தமும் சேர்ந்து வந்த மூன்று கணக்குகளில் இரண்டைத் தொடாமலே விட்டேன். தொட்ட ஒன்றும் பிழைத்துப் போனது. புள்ளிகள் வீட்டுக்கு வந்த அன்று, கணிதப் பிரிவு பெண் பிள்ளைக்கு எதற்கு, இப்போதே கலைப் பிரிவுக்கு மாறிவிடட்டும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. உம்மா என் முகத்தைப் பார்த்தார். நானும் அன்றிரவு மாறிவிடுவது என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் என் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, கணக்கை மறுபடி செய்யச் சொல்லவில்லை. இராமனின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வா என்றார். நோபல் பரிசு பெற்றவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. படித்ததை என் சகோதரிகளோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

சந்திரசேகர வெங்கட இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி திருச்சிராப்பள்ளிக்கு அருகேயுள்ள திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகவியலும் கற்பித்தவர். தாயார் பார்வதி அம்மாள். இராமன் சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. வீட்டில் செல்வம் இருக்கவில்லை. ஆனால் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று தந்தையின் புத்தக அலுமாரி. மற்றது தந்தை வாசித்த வயலின். இராமனின் பிற்கால ஆராய்ச்சிகளில் பாதி அந்த வயலினில் தொடங்கியவை என்று சொன்னால் மிகையாகாது.

பதினொரு வயதில் மெற்றிக்குலேசன் தேறிய அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது மிகவும் சிறிய உருவமாக இருந்தாராம். வகுப்பறைக்குள் வந்த ஆங்கிலேயப் பேராசிரியர், இவன் உண்மையிலேயே இந்த வகுப்பு மாணவன்தானா என்று விசாரித்த கதை பிரசித்தமானது. 1904 இல் பட்டப் பரீட்சையில் முதலிடம் பெற்றுப் பௌதிகவியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லுமாறு ஆசிரியர்கள் ஊக்கப்படுத்தினர். ஆனால் பரிசோதித்த வைத்தியர், இந்த மெலிந்த உடம்பு அந்த நாட்டுக் குளிரைத் தாங்காது என்று தடுத்துவிட்டார். ஆகவே இராமன் சென்னையிலேயே தங்கிப் படித்தார்.

அங்கேதான் என் மனதைத் தொட்ட முதற் சம்பவம் நடந்தது. நாங்கள் ஆய்வுகூடத்தில் செய்வதைப் போலவே அவரும் ஒரு நாள் அரியத்தின் கோணத்தைத் திருசியமானியால் அளந்துகொண்டிருந்தார். பாடத்திட்டத்தில் உள்ள சாதாரணப் பரிசோதனை. அளந்து, குறித்து, கையெழுத்து வாங்கிப் போயிருக்கலாம். ஆனால் ஒளியில் தோன்றிய சில பட்டைகள் இரு புறமும் சமச்சீராக இல்லாததை அவர் கவனித்தார். ஏன் என்று கேட்டார். மீண்டும் மீண்டும் அளந்தார். விடையை ஒரு கட்டுரையாக எழுதினார். இலண்டனில் வெளியான பிலொசொபிக்கல் மகசீன் என்ற புகழ்பெற்ற ஆய்விதழில் 1906 நவம்பரில் அது வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. எங்களை விட ஒரு வயதுதான் மூத்தவர்.

அக்காலத்தில் விஞ்ஞானம் படித்த ஒரு தமிழ் இளைஞனுக்கு விஞ்ஞானியாக வேலை கிடைப்பது அரிது. எனவே 1907 இல் நிதித்துறைப் போட்டிப் பரீட்சை எழுதித் தேறினார். அதே வருடம் லோகசுந்தரியை மணந்தார். அவர் வீணை வாசிக்கத் தெரிந்தவர். உதவிக் கணக்காளர் நாயகமாகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டபோது இராமனுக்கு இன்னும் பத்தொன்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. நல்ல சம்பளம், அரச பதவி, மதிப்பு எல்லாம் இருந்தன. பெற்றோர் எதிர்பார்க்கும் அத்தனையும் வந்து சேர்ந்த ஒரு வாழ்க்கை. அத்தோடு கதை முடிந்திருக்கலாம்.

ஒரு நாள் டிராமில் போய்க்கொண்டிருந்தபோது பௌபசார் வீதியில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் 1876 இல் நிறுவிய அந்தச் சங்கத்தில் கருவிகள் இருந்தன. அவற்றைத் தொடத்தான் ஆள் இருக்கவில்லை. இராமன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து அவருடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கே சங்கத்துக்குப் போவார். ஒன்பதே முக்காலுக்கு வீடு வந்து குளித்துச் சாப்பிட்டு அலுவலகத்துக்கு விரைவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே மீண்டும் சங்கம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகும். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் இடமாற்றம் வந்தது. 1911 இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும் சங்கத்தை ஒட்டிய வீதியிலேயே வீடு பார்த்தார். வீட்டிலிருந்து நேரே சங்கத்துக்குள் நுழைய ஒரு கதவும் வைத்துக்கொண்டார். இப்படிப் பத்து வருடங்கள்.

அந்தப் பத்து வருடங்களில் அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் எங்கள் உயர்தரப் பாடத்தில் வருகின்ற விடயங்கள்தான். இசைக்கவையில் கட்டிய தந்தி எப்படி அதிர்கிறது, தந்தியின் அதிர்வை ஓயவிடாமல் வெளியிலிருந்து எப்படித் தூண்டலாம், வயலின் வில் தந்தியில் உரசும்போது என்ன நடக்கிறது என்பவையே அவருடைய கேள்விகள். வில் தந்தியை ஒட்டி இழுத்துச் செல்கிறது. ஓர் எல்லையில் தந்தி நழுவித் திரும்புகிறது. மறுபடி ஒட்டுகிறது, மறுபடி நழுவுகிறது. ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவைகள் இது நிகழ்கிறது. அதைத்தான் நாம் இனிய நாதம் என்கிறோம். இந்த அசைவுகளை எல்லாம் கணக்கிட்டு 1918 இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்.

வயலின் கலைஞரின் கை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசையாது. அப்படியிருந்தால் அளவீடு எப்படிச் சரியாகும்? அதற்காக இராமன் ஓர் இயந்திரம் செய்தார். அதில் வில் அசையாது. வயலின்தான் வில்லின் கீழே முன்னும் பின்னும் ஓடும். வில்லின் கதியையும் அழுத்தத்தையும் வேண்டியவாறு மாற்றி அளக்க முடிந்தது. தந்தியைத் தாங்கும் பாலத்துக்கு வில் கிட்டப் போகப் போக, அதை அதிரச் செய்ய மிக வேகமாகக் கூடும் அழுத்தம் தேவை என்று கண்டார். வயலின் பழகும் பிள்ளைகள் கையால் அறிந்ததை அவர் எண்ணால் அறிந்தார்.

பின்னர் அவர் கவனம் எங்கள் நாட்டு வாத்தியங்களின் பக்கம் திரும்பியது. சாதாரண ஒரு மேளத்தின் தோல் அதிரும்போது எழும் மேற்றொனிகள் அடிப்படைச் சுரத்தின் முழு எண் மடங்குகளாக இருப்பதில்லை. அதனால்தான் தப்பும் றபானும் தாளத்துக்கு உதவுகின்றனவே தவிர, அவற்றில் தெளிவான ஒரு சுரத்தைப் பிடிப்பது கடினம். ஆனால் மிருதங்கத்திலும் தபேலாவிலும் சுரம் கேட்கிறது. என்ன வித்தியாசம்? தோலின் நடுவே வட்டமாகப் பூசியிருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சுத்தான். அது நடுப்பகுதியின் திணிவைக் கூட்டி, சிதறிக் கிடந்த மேற்றொனிகளை ஒழுங்கான மடங்குகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அசையாத கோடுகளில் மணல் போய் ஒதுங்குவதைப் பார்த்து இராமன் இதை விளக்கினார். 1920 இல் நேச்சர் இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதே. மிருதங்கம் செய்த கைவினைஞர்கள் பௌதிகவியல் படித்தவர்கள் அல்லர். அவர்கள் காதால் தீர்த்து வைத்த ஒரு கணக்கை உலகம் அறியும்படி எழுத்தில் தீர்த்துக் காட்டியவர் இராமன்.

இன்னொருவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஆசுதோஷ் டே என்பவர் சங்கத்தில் இராமனுக்கு உதவியாளராக இருந்தவர். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். ஆனால் அதிர்வின் மீடிறனைத் திருத்தமாகத் துணிவதற்கு அவர் கண்ட ஒரு முறை, 1919 இல் இலண்டன் றோயல் கழகத்தின் வெளியீட்டில் அவருடைய பெயரிலேயே வந்தது. உதவியாளரின் வேலையைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் வழக்கம் எங்கும் உண்டு. இராமன் அப்படிச் செய்யவில்லை.

இனி என் பிழைத்துப்போன கணக்குக்கு வருகிறேன். ஒரு முனை நிலைப்படுத்தப்பட்ட விற்சுருளின் மறுமுனையில் 1.98 கிலோகிராம் திணிவுள்ள குற்றி ஒன்று ஒப்பமான மேசையில் ஓய்ந்திருக்கிறது. 20 கிராம் திணிவுள்ள சன்னம் ஒன்று செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் வந்து குற்றியில் புதைகிறது. விற்சுருள் மாறிலி மீற்றருக்கு 200 நியூட்டன். அலைவின் வீச்சம் யாது? நான் சன்னத்தின் இயக்கசக்தி 400 யூல் முழுவதும் விற்சுருளுக்குப் போய்விட்டதாக எடுத்து, 2 மீற்றர் என்று விடை எழுதினேன். மேசையில் கிடந்த குற்றி இரண்டு மீற்றர் தூரம் பாய்ந்து போகுமா என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

சரியான வழி இரண்டு படிகளைக் கொண்டது. மோதும் அந்தக் கணத்தில் காக்கப்படுவது உந்தம். 0.02 ஐ 200 ஆல் பெருக்க 4. மொத்தத் திணிவு 2 கிலோகிராம் என்பதால், புதைந்த பின் இரண்டும் சேர்ந்து செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் புறப்படுகின்றன. இப்போது அவற்றின் இயக்கசக்தி வெறும் 4 யூல்தான். மிகுதி 396 யூலும் சன்னம் குற்றியைத் துளைக்கும்போது வெப்பமாகவும் உருக்குலைவாகவும் போய்விட்டது. அதன் பிறகுதான் சக்திக் காப்பு. 4 யூலும் விற்சுருளில் சேரும்போது வீச்சம் 0.2 மீற்றர், அதாவது 20 சென்ரிமீற்றர். நான் எழுதியது பத்து மடங்கு பெரிது. சூத்திரம் தெரியாமல் நான் தவறவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் தவறினேன்.

மோதலையும் இராமன் விட்டுவைக்கவில்லை. குண்டுகள் மிக மெதுவாக மோதும்போது என்ன நடக்கிறது என்பதைப் புகைப்படம் எடுத்து ஆராய்ந்து 1918 இல் வெளியிட்டார். வேகம் குறையக் குறைய மீளமைவுக் குணகம் ஒன்றை நெருங்குகிறது என்று காட்டினார். அதாவது மோதல் மெதுவாகும்போது சக்தி விரயமாவதும் குறைகிறது. இணைந்த கணிதத்தில் அந்தக் குணகத்தை ஒரு மாறாத எண்ணாகவே நாங்கள் போட்டுவிடுகிறோம். அதுவும் மாறும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து அளந்திருக்கிறார் என்பது எனக்குப் புதிய செய்தி.

1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பாலித் பேராசிரியராக அழைத்தது. சம்பளம் அரச உத்தியோகத்தில் பெற்றதில் ஏறத்தாழப் பாதிதான். இருந்தும் ஏற்றுக்கொண்டார். அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதற்கு மட்டும் அவர் உடன்படவில்லை. ஆசுதோஷ் முகர்ஜி அந்த நிபந்தனையைத் தளர்த்தி அவரைச் சேர்த்துக்கொண்டார்.

1921 இல் ஒக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாடு ஒன்றுக்காக முதன்முறையாக இங்கிலாந்து போனார். திரும்பும்போது நர்குண்டா என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம் கடலில் தெறிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்பது பெரிய விஞ்ஞானியான றெயிலி பிரபுவின் விளக்கம். இராமன் தன்னிடம் இருந்த சிறிய அரியம் ஒன்றினூடாக நீரைப் பார்த்தார். வானத்தின் தெறிப்பை அது நீக்கிய பின்னரும் நீலம் போகவில்லை. இன்னும் நன்றாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு செய்து, கரை சேர்வதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார். எத்தனையோ பேர் பயணம் செய்த கப்பல், எத்தனையோ பேர் பார்த்த கடல்.

அடுத்த ஏழு வருடங்கள் அவரும் மாணவர்களும் ஒளிச் சிதறலையே ஆராய்ந்தனர். 1927 இன் இறுதியில் கொம்டனுக்கு நோபல் பரிசு கிடைத்த செய்தி வந்தது. எக்ஸ் கதிர் இலத்திரனில் மோதும்போது இரண்டு குண்டுகள் மோதுவதைப் போலவே உந்தமும் சக்தியும் பங்கிடப்படுகின்றன என்று காட்டியவர் அவர். அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மூலக்கூறில் மோதிச் சக்தியைக் கொடுக்கவோ வாங்கவோ கூடும் அல்லவா? வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்ற மாணவரோடு சேர்ந்து இராமன் இரவு பகலாக வேலை செய்தார். 1928 பெப்ரவரி 28 ஆம் திகதி இரச விளக்கின் ஒளியைத் திரவத்தினூடாகச் செலுத்தி நிறமாலைகாட்டியால் பார்த்தபோது, செலுத்திய ஒளியில் இல்லாத புதிய கோடுகள் தெரிந்தன. இதுவே இராமன் விளைவு.

என் கணக்கை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். மூலக்கூறு என்பது விற்சுருளால் இணைத்த குற்றிகளைப் போன்றது. அதன் அணுக்கள் தமக்கே உரிய மீடிறன்களில் அலைகின்றன. ஒளித்துணிக்கை வந்து மோதும்போது பெரும்பாலும் சக்தி குறையாமலே சிதறிச் செல்கிறது. ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று மட்டும் தன் சக்தியில் சிறு பங்கை அந்த அலைவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. போகும் ஒளியின் நிறம் அந்த அளவுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்தால் மூலக்கூறு எந்த மீடிறனில் அலைகிறது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அதற்கே உரிய அலைவுகள் உண்டு. எனவே இன்று மருந்து உண்மையானதா என்று சோதிக்கவும், இரத்தினக் கல் அசலா போலியா என்று பார்க்கவும் இந்த முறை பயன்படுகிறது. தந்தியைத் தட்டிச் சுரத்தைக் கேட்ட மனிதர், கடைசியில் ஒளியால் மூலக்கூறையே தட்டிக் கேட்டார்.

1930 இல் அவருக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்தில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர். அறிவிப்பு வருவதற்கு மாதங்களுக்கு முன்பே தனக்கும் மனைவிக்கும் கப்பல் பயணச் சீட்டு எடுத்துவிட்டாராம். தன்னம்பிக்கை என்பதா, துணிச்சல் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. பகவந்தத்துடன் சேர்ந்து, ஒளிக்குக் கோண உந்தமும் உண்டு என்பதற்குப் பரிசோதனைச் சான்று தேடினார்.

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது குறைகளை மறைத்துவிடுவது வழக்கம். நான் மறைக்க விரும்பவில்லை. ஏனென்றால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவருடைய ஒரு குறைதான்.

1933 இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பணிப்பாளரானார். அதே ஆண்டு கமலா பாகவத் என்ற யுவதி அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டப் பரீட்சையில் முதலிடம் பெற்றவர். பெண் என்ற காரணத்துக்காக இராமன் அவரை மறுத்துவிட்டார். கமலா பேசாமல் திரும்பிப் போகவில்லை. பெங்களூருக்கே வந்து, சேர்த்துக்கொள்ளும் வரை போவதில்லை என்று பணிப்பாளரின் அலுவலகத்தின் முன் இருந்தார். இறுதியில் இராமன் இணங்கினார். ஆனால் நிபந்தனைகள் போட்டார். முதல் ஒரு வருடம் பரீட்சார்த்தமாக மட்டுமே. அவர் இருப்பதால் ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனம் கலையக் கூடாது. அந்த நிபந்தனை எவ்வளவு அவமானமானது என்று சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கமலா அதை ஏற்றுக்கொண்டு வேலை செய்தார். ஒரு வருடம் முடிந்தபோது இராமனுக்குச் சொல்ல எந்தக் குறையும் இருக்கவில்லை. அவரை முழுமையான மாணவியாக ஏற்றுக்கொண்டார். கழகத்தின் கதவு அதன் பின் மற்றப் பெண்களுக்கும் திறந்தது. கமலா 1939 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1940 இல் அன்னா மணி என்ற மாணவி இராமனின் ஆய்வுகூடத்துக்கே வந்தார். எங்களைப் போல மலைநாட்டில் பிறந்தவர். பீர்மேட்டில் அவருடைய தந்தைக்கு ஏலத் தோட்டங்கள் இருந்தன. வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி உறிஞ்சி வெளிவிடுகின்றன என்று இரவிரவாகப் படத்தட்டுகளை வைத்து ஆராய்ந்தார். முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கப்படவில்லை. ஆயினும் பிற்காலத்தில் இந்திய வானிலைத் திணைக்களத்தின் அளவீட்டுக் கருவிகளை உருவாக்கிய பெரிய விஞ்ஞானியாக அவர் விளங்கினார்.

தந்தியின் மிக நுண்ணிய அசைவையும் தவறவிடாத கண், ஒரு பெண் பிள்ளையின் திறமையைப் பார்க்க ஒரு வருடம் எடுத்துக்கொண்டது. பெரிய அறிவும் சில இடங்களில் குருடாகலாம் என்பதற்கு இது சாட்சி. படிகங்களின் அணுக்கள் எப்படி அலைகின்றன என்பது பற்றி மக்ஸ் போர்னோடு அவர் நெடுங்காலம் வாதாடினார். அதிலும் காலம் போர்னின் பக்கமே தீர்ப்பளித்தது. தான் மிக நன்றாக அறிந்த அலைவுகளிலேயே அவர் ஒரு தடவை பிழை விட்டார். இதை வாசித்தபோது என் விடைத்தாளின் சிவப்புக் கோடுகள் கொஞ்சம் மங்கியது போல இருந்தது.

கருத்து முரண்பாடுகளால் 1937 இல் பணிப்பாளர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை அங்கேயே இருந்தார். ஓய்வு பெற்றதும் அதே நகரில் தன் பெயரிலான ஆராய்ச்சி நிறுவகத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1954 இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. முதுமையிலும் பூக்களின் நிறம், கண் பார்க்கும் விதம் என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 1970 நவம்பர் 21 ஆம் திகதி காலமானார். அவருடைய உடல் நிறுவகத்துத் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் நினைவுத் தூண் எதுவும் இல்லை. ஒரு மரம் மட்டும் நிற்கிறது.

இப்போது கணக்கைத் தொடங்குமுன் சூத்திரத்தைத் தேடுவதில்லை. அசைவது எது, அதைத் திரும்ப இழுப்பது எது, மோதும் கணத்தில் மாறாமல் இருப்பது எது என்று மூன்று கேள்விகளைத் தாளின் ஓரத்தில் எழுதுகிறேன். விடை வந்ததும், இப்படி நடக்குமா என்று மனக்கண்ணில் ஒரு தடவை பார்க்கிறேன். அடுத்த தவணையில் மூன்று கணக்குகளில் இரண்டு சரியாக வந்தன. மூன்றாவது இன்னும் வரவில்லை. ஆனால் அதைத் தொட்டேன். வாப்பா புள்ளிகளைப் பார்த்துவிட்டு, பிரிவு மாறுவதைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஊஞ்சலிலும் குசினியில் ஆடும் உறியிலும் எங்கள் நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கிச் சுழலியைச் சுற்றும் தண்ணீரிலும் எங்கள் பாடம் இருக்கிறது. இராமனுக்கு விலையுயர்ந்த கருவிகள் இருக்கவில்லை. கவனமும் பொறுமையும் இருந்தன. அவை எங்களுக்கும் இருக்கலாம்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கமலா தன்னை நிரூபிக்க ஒரு வருடம் கூடுதலாகச் செலவழித்தார். அது 1933. அந்த ஒரு வருடத்தை உங்கள் பிள்ளைகளிடம் இன்று மீண்டும் கேட்காதீர்கள். ஒரு தவணையில் புள்ளி குறைந்தால், தளர்ந்த தப்பை நெருப்பருகே பிடிப்பது போல எங்களையும் கொஞ்சம் அருகில் வைத்துச் சூடேற்றுங்கள். நாங்களும் கணீரென்று ஒலிப்போம்.

உயர்தர கணிதப் பிரிவு மாணவி,
கொத்மலை.